பேப்பரில் சுற்றித் தர வேண்டாம்

மிஸ்ஸி பதில்கள்

போன மாதம் ஒரு வாசகிக்கு எழுதிய பதிலில் 'ஆணுறை' என்ற சொல் ஒரே ஒரு தடவை வந்தது. அதற்கு வந்த கடிதங்கள் இப்போது என் சாப்பாட்டு மேசை முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. பாதிக்கு மேல் பெயர் இல்லை. ஒருவர் தன் கையெழுத்தை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று சின்னப் பிள்ளை எழுதிப் பழகுவது போல ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகக் கீறி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். அதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. இந்த மாதம் வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை.

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு சொல். 1988 முதல் 2019 வரை கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பக்கம் மருத்துவமாதாக வேலை செய்தவள் நான். பையைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டம் தோட்டமாக, மாடி மாடியாக ஏறி இறங்கினேன். 'மிஸ்ஸி' என்ற பெயர் அந்த வீடுகளில் வந்தது.

*

கேள்வி: எனக்கு 26 வயது. புறக்கோட்டையில் துணிக்கடையில் வேலை. ஆவணியில் கல்யாணம். இரண்டு வருசத்துக்குப் பிள்ளை வேண்டாம் என்று நானும் அவவும் கதைத்து வைத்திருக்கிறோம். கொண்டம் வாங்க மூன்று தரம் பாமசிக்குப் போனேன். மூன்று தரமும் யாராவது பக்கத்தில் வந்து நின்றார்கள். மூன்று தரமும் பனடோல் காட் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.
– பெயர் வேண்டாம், தெமட்டகொட

பதில்: தம்பி, கல்யாணத்துக்கு முன்பே இரண்டு பேரும் இதைக் கதைத்தீர்களே, அதற்காக முதலில் உங்களை வாழ்த்துகிறேன். பிள்ளை பிறந்த பிறகுதான் இந்தப் பேச்சையே எடுத்த வீடுகள் நான் போன தெருக்களில் எத்தனையோ.

உங்கள் கடிதம் வந்த கிழமை, வெள்ளவத்தையில் ஒரு மருந்துக்கடைக்கு நானே போனேன். எனக்கு முன்னால் ஒருவர் இன்சுலின் வாங்கினார், அப்படியே கையில் கொடுத்தார்கள். ஒரு பெண் பிள்ளைக்குப் பம்பர்ஸ் வாங்கினார், அதையும் அப்படியே. நான் கொண்டம் கேட்டேன். அதுவரை சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்த பெடியனின் குரல் இறங்கிப்போனது. குனிந்து கீழ்த்தட்டில் இருந்து எடுத்தான், பழைய பேப்பரைக் கிழித்துச் சுற்றினான், ஸ்டேப்ளர் அடித்தான், கறுப்பு பேக்கில் போட்டு முடிச்சும் போட்டான். "தம்பி, பேப்பரில் சுற்றித் தர வேண்டாம், மற்றச் சாமான் மாதிரியே தாரும்" என்றேன். அவன் என்னைப் பார்க்காமல் காசை வாங்கினான். அவன் நல்ல பிள்ளை. மரியாதை என்று நினைத்துத்தான் சுற்றுகிறான். ஆனால் அந்தப் பேப்பர், வாங்க வந்தவனிடம் 'நீ செய்வது மறைக்க வேண்டிய காரியம்' என்று சொல்லிவிடுகிறது. மூன்று தரம் உங்களைத் திருப்பி அனுப்பியதும் அதுதான். மருந்துக்கடை நடத்துகிறவர்கள் இதை வாசித்தால், தயவுசெய்து இந்தப் பழக்கத்தை விடுங்கள்.

இனி உங்கள் விசயம். பனடோல் கேட்ட அதே குரலில் "ஒரு பக்கெட் கொண்டம்" என்று கேளுங்கள். நாலு சொல்லுத் தேவையில்லை. 1973 இல் 'பிரீத்தி' என்ற பெயரில் ஆணுறை நம் நாட்டுக் கடைகளுக்கு வந்தபோது, அந்தப் பெயரைச் சொல்லியே கேட்கும் வழக்கம் வந்தது. இன்றைக்கும் பெயரைச் சொல்லிக் கேட்பது சிலருக்கு இலகு. அதுவும் முடியாவிட்டால் சூப்பர்மார்க்கட்டில் தட்டில் இருந்து நீங்களே எடுத்துக்கொள்ளலாம். காசில்லாமலும் கிடைக்கும். உங்கள் பகுதி மருத்துவமாதிடம் கேளுங்கள், தருவார். புதிதாகக் கல்யாணம் செய்கிற இரண்டு பேரும் அவரிடம் பதிந்துகொள்வது எப்படியும் நல்லது. அவவின் இரத்தம், ருபெல்லா ஊசி, ஃபோலிக் அசிட் எல்லாம் அங்கேயே பார்த்துவிடுவார்கள்.

பாவிப்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் சொல்லித் தருவதில்லை. திகதியைப் பாருங்கள். பக்கெட்டை விரலால் அமர்த்தினால் உள்ளே காற்று இருப்பது தெரிய வேண்டும். வெட்டு வைத்த ஓரத்தில் கையால் கிழியுங்கள், பல்லாலோ கத்தரிக்கோலாலோ அல்ல. எடுத்ததும் நுனியை இரண்டு விரலால் பிடியுங்கள். அந்த நுனியில் காற்று நிற்கக் கூடாது, விந்து தங்க அதுதான் இடம். சுருள் வெளிப்பக்கமாக இருந்தால் அடிவரை தானாக இறங்கும். இறங்காவிட்டால் மாறிப் பிடித்திருக்கிறீர்கள். அதைத் திருப்பிப் போடாமல் எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை எடுங்கள், ஏனென்றால் நுனியில் ஏற்கெனவே ஈரம் பட்டிருக்கும். உடல் தொடுவதற்கு முன்பே போட வேண்டும், 'கடைசி நேரத்தில் போடலாம்' என்பது நடக்காத காரியம். முடிந்ததும் விறைப்பு இறங்குமுன் அடியைப் பிடித்துக்கொண்டு வெளியே எடுக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையை மறப்பதால் கருத்தரித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் ஒவ்வொரு தரமும் ஒழுங்காக நடந்தால் ஒரு வருசத்தில் 100 பெண்களில் 2 பேர்தான் கருத்தரிப்பார்கள். சிலவேளை போட்டு, சிலவேளை விட்டு, அவசரத்தில் பாவிக்கிற நடைமுறையில் அது 13 வரை போகிறது. இரண்டு வருசம் கட்டாயம் பிள்ளை வேண்டாம் என்றால் அவ மாத்திரையோ வேறு முறையோ சேர்த்து எடுப்பதைப் பற்றி மருத்துவமாதிடம் இரண்டு பேருமாகப் போய்க் கதையுங்கள். முதல் தரமே பிசகில்லாமல் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கல்யாணத்துக்கு முன்பே தனியாக ஒன்றிரண்டைப் போட்டுப் பழகிப் பாருங்கள்.

*

கேள்வி: என் கணவர் மூன்று வருசமாகக் கட்டாரில். மாசியில் 45 நாள் லீவில் வருகிறார். பிள்ளைகளுக்கு 9, 6 வயது. எங்கள் ஒழுங்கையில் ஒருவர் வெளிநாட்டில் இருந்து வந்து மனைவிக்கும் வருத்தம் கொடுத்துவிட்டார் என்று கதை. கொண்டம் பாவிப்போம் என்று கேட்டால் 'என்னைச் சந்தேகப்படுறியா' என்று கேட்பார். கேட்காமல் விட்டால் எனக்கு நித்திரை வராது. என்ன செய்ய மிஸ்ஸி?
– ஒரு மனைவி, கொட்டாஞ்சேனை

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை நான் மூன்று நாள் வைத்திருந்து எழுதுகிறேன்.

முதலில் அவர் பக்கம். ஓர் அறையில் எட்டுப் பேரோடு படுத்து, வெயிலில் உழைத்து, மாசம் தவறாமல் காசு அனுப்பிக்கொண்டிருக்கிற மனுசனாக அவர் இருக்கலாம். ஒழுங்கைக் கதையை வைத்து அவரைக் குற்றவாளியாக்க வேண்டாம். ஆனால் உங்கள் பயத்தையும் விழுங்க வேண்டாம். உங்கள் உடம்பு, உங்கள் பயம், இரண்டுக்கும் கேட்கிற உரிமை இருக்கிறது.

'வெளிநாட்டில் மெடிக்கல் பாஸ் ஆனவர்தானே' என்று சில பெண்கள் தங்களைத் தேற்றிக்கொள்வார்கள். அந்த மெடிக்கல் அது எடுத்த திகதிக்கு மட்டும்தான். கொனோரியா, கிளமிடியா மாதிரி உடலுறவால் தொற்றுகிற வருத்தங்கள் உள்ளே இருந்தும் வெளியே ஒன்றும் காட்டாமல் இருக்கும், பெண்களுக்கு இன்னும் கூட. வெள்ளைபடுதல் என்று நினைத்துச் சும்மா விட்டுவிடுவோம்.

எப்போது கேட்பது? அவர் வந்த இரவில் அல்ல. பிள்ளைகள் நித்திரையான பிறகு, விளக்கை அணைத்த பிறகு, மூன்று வருச ஆசையோடு இருக்கிற ஆளிடம் இந்தப் பேச்சை எடுத்தால் அது சண்டையில்தான் முடியும். அவர் இன்னும் அங்கே இருக்கும்போதே போனில் சொல்லுங்கள். சாமான் பட்டியல் சொல்கிற நாள் ஒன்றில் சொல்லுங்கள். "நீங்கள் போன பிறகு நான் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையை விட்டுட்டன். இப்ப இன்னொரு பிள்ளை எங்களால ஏலாது. வந்து நிக்கிற நாளுக்குக் கொண்டம் பாவிப்பம். அதோட ரெண்டு பேரும் ஒருக்கா முழு பிளட் டெஸ்ட் எடுப்பம், நானும் எடுக்கிறன்." இதில் ஒரு பொய்யும் இல்லை. மாத்திரையை விட்டது உண்மை என்றுதான் உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். 'நானும் எடுக்கிறன்' என்ற அந்தச் சொல்லைக் கட்டாயம் சொல்லுங்கள். அதைக் கேட்டால் மனுசனுக்குத் தன்னை மட்டும் விசாரிக்கிறார்கள் என்ற எண்ணம் வராது.

கொழும்பு 10, டி சேரம் பிளேஸில், தேசிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், தேசிய பாலியல் நோய் எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் மத்திய கிளினிக் இருக்கிறது. பரிசோதனையும் மருந்தும் இலவசம், விபரம் வெளியே போகாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். தொற்றி உடனே டெஸ்டில் காட்டாது. சந்தேகத்துக்கு இடமான கடைசி நாளில் இருந்து 3 மாதம் கழித்து எடுக்கிற எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனைதான் முழு நம்பிக்கை. ஆகவே இந்த 45 நாளும் கொண்டம் பாவிப்பதே சரி, முதல் ரிப்போர்ட் நல்லதாக வந்தாலும்.

இப்போது ஒரு கதை. அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் ஒரு பெண், நாலு மாதக் கர்ப்பத்தோடு என் கிளினிக்குக்கு வந்தா. எல்லாத் தாய்மாருக்கும் எடுக்கிற மாதிரி இவவுக்கும் சிபிலிஸ் பார்க்கிற வி.டி.ஆர்.எல். பரிசோதனைக்கு இரத்தம் எடுத்தோம். சிபிலிஸ் என்று வந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு ஆணை அறிந்த பெண். ரிப்போர்ட்டைப் படித்துச் சொன்ன பிறகு அவ அழவில்லை. சேலை முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தா. பிறகு கேட்டா: "மிஸ்ஸி, பிள்ளைக்கு ஒண்டும் ஆகாதே?" கணவர் வெளியே கேற்றுக்கு அந்தப் பக்கம், செவ்விளநீர்க்காரருக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றார். உள்ளே வர மறுத்தார். நான் போய் அவருக்குப் பக்கத்தில் நின்றேன், ஒன்றும் கேட்கவில்லை. பத்து நிமிசம் கழித்து அவராகவே "ஊசி போட்டால் மாறுமா?" என்று கேட்டார். மாறும் என்றேன். இரண்டு பேருக்கும் பென்சிலின் போட்டார்கள். பிள்ளை 3 கிலோவுக்கு மேல், சுகமாகப் பிறந்தது. நேரத்தோடு தெரிந்ததால் பிள்ளை தப்பியது. அந்த மனுசன் மோசமான ஆள் இல்லை, தங்கச்சி. ஒரு பிழை விட்டார், அதைவிடக் கூட வெட்கப்பட்டார், அந்த வெட்கத்தில் மனைவியிடம் வாயே திறக்கவில்லை.

அவர் கோபப்பட்டு, மிரட்டி, அடிக்கிற நிலை வந்தால் அது வேறு விசயம். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு எடுங்கள். 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அந்த நிலை வராது என்றே நம்புகிறேன். போனில் கதைத்த பிறகு என்ன நடந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

*

கேள்வி: ஆட்டோ ஓட்டுகிறேன். பேர்ஸில் எப்போதும் ஒன்று வைத்திருப்பேன். இரண்டு தரம் கிழிந்துவிட்டது. மலிவான சாமான் என்பதாலா? வழுக்கலுக்குத் தேங்காய் எண்ணெய் பூசினேன், அதில் பிழையா?
– கிராண்ட்பாஸ்

பதில்: பிழை அதிலேதான். ஆணுறை இறப்பர். எண்ணெய் பட்டால் இறப்பர் தளர்ந்து போகும். தேங்காய் எண்ணெய், வாசலின், பேபி ஒயில், கைக்குப் பூசுகிற கிறீம் எல்லாம் ஒன்றுதான். வகுப்புகளில் நான் இதைச் செய்து காட்டுவேன். ஒரு கொண்டத்தைப் பலூன் மாதிரி ஊதி முடிந்து, ஒரு பெடியனின் கையில் கொடுத்து, விரல் நுனியில் தொட்ட தேங்காய் எண்ணெயை அதில் தடவித் தேய்க்கச் சொல்வேன். முதலில் ஒன்றும் நடக்காது. எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். கொஞ்ச நேரத்தில் தேய்த்த இடம் மட்டும் மெலிந்து பளபளக்கும், பிறகு படாரென்று வெடிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் எண்ணெய்ப் போத்தலை மறந்துவிடுவார்கள். வழுக்கல் வேண்டுமானால் தண்ணீரில் செய்த லூப்ரிகன்ட் பாமசியில் கேளுங்கள்.

பேர்ஸ் இரண்டாவது பிழை. நாள் முழுக்க அதன் மேல் இருந்து ஓட்டுகிறீர்கள், உடம்புச் சூடும் உரசலும் சேர்ந்து இறப்பரைக் கெடுக்கும். ஆட்டோவின் டாஷ்போட் பெட்டி இன்னும் மோசம், கொழும்பு வெயிலில் அது அடுப்பு. வீட்டில் நிழலான லாச்சியில் பெட்டியை வைத்து, தேவைப்படும் நாளில் மட்டும் மேல் பொக்கற்றில் போட்டுக்கொண்டு போங்கள்.

மலிவு என்பதற்காகச் சந்தேகப்பட வேண்டாம். தரம் பார்த்த ஆணுறை ஒவ்வொன்றையும் மின்சாரம் வைத்து ஓட்டை தேடுகிறார்கள். அதற்கு மேல், மாதிரிக்கு எடுத்தவற்றில் 300 மில்லிலீற்றர் தண்ணீர் ஊற்றி ஒழுக்குப் பார்ப்பார்கள், காற்று அடித்தும் பார்ப்பார்கள். வழமையான அளவுள்ள ஒன்று குறைந்தது 18 லீற்றர் காற்றைத் தாங்க வேண்டும். வீட்டுத் தண்ணீர் வாளி ஒன்றை மனதில் நினைத்துப் பாருங்கள். அவ்வளவு தாங்குவது உங்கள் பேர்ஸிலும் எண்ணெயிலும்தான் தோற்றுப்போனது.

கிழிந்த அந்த இரண்டு தரத்துக்காகவும் ஒரு தரம் டி சேரம் பிளேஸுக்குப் போய் இரத்தம் கொடுத்துவிடுங்கள்.

*

கேள்வி: இரண்டு கொண்டம் ஒன்றாகப் போட்டால் கூடப் பாதுகாப்புத்தானே?
– கொழும்பு 14

பதில்: இல்லை. ஒன்றோடு ஒன்று உரசிக் கிழியும். ஒன்று போதும்.

*

கேள்வி: போர்டிங்கில் இருந்து படிக்கிறேன், 21 வயது. நேற்று இரவு கொண்டம் கிழிந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியவில்லை. யாரிடமும் கேட்க முடியாது. உடனே பதில் எழுதுங்கள் அன்ரி.
– பெயர் இல்லை

பதில்: மகள், நீங்கள் கடிதத்தில் போட்ட திகதிக்கும் அது என் கைக்கு வந்த நாளுக்கும் இடையில் ஒன்பது நாள். இது அச்சாகி வர இன்னும் மூன்று கிழமை. ஒரு போன் நம்பர் எழுதியிருந்தால் அந்த நிமிசமே எடுத்திருப்பேன். பக்கத்துப் பாமசியில் கேட்டிருந்தால் பத்து நிமிசத்தில் முடிகிற விசயத்துக்கு, நீங்கள் முத்திரை ஒட்டித் தபாலில் போட்டிருக்கிறீர்கள். அவ்வளவு தூரம் ஒரு பிள்ளையைப் பயப்படுத்தி வைத்திருக்கிறோமே என்று அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

உங்களுக்கு இப்போது: மாதவிடாய் பிந்தியிருந்தால் யூரின் டெஸ்ட் செய்யுங்கள், பாமசியில் கிட் இருக்கிறது. 3 மாதம் ஆனதும் எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனை. யூரின் டெஸ்ட் பொசிட்டிவ் என்றால் யாரோ சொன்னார்கள் என்று மாத்திரை வாங்கிப் போடவோ, யாரோ காட்டிய வீட்டுக்குப் போகவோ வேண்டாம். நம் நாட்டுச் சட்டத்தில் தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் கருக்கலைப்புக்கு இடம். அதனால் மறைவில் நடப்பவை உயிரைக் குடிக்கின்றன. ஏற்கெனவே ஏதாவது நடந்து இரத்தம் கூடப் போனால் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள், சிகிச்சை தருவார்கள். எனக்கு மறுபடி எழுதுங்கள், இம்முறை நம்பரோடு.

மற்றப் பிள்ளைகளுக்கு: கிழிந்தால், வழுகினால், போட மறந்தால், கடிதம் எழுத வேண்டாம். 'போஸ்டினோர்' மாதிரியான அவசரக் கருத்தடை மாத்திரை பாமசியில் வைத்தியர் துண்டு இல்லாமல் கிடைக்கும். 72 மணித்தியாலத்துக்குள் எடுக்க வேண்டும், எவ்வளவு முந்தி எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. அது கரு கலைக்கிற மருந்து அல்ல, முட்டை வெளியாவதைப் பிந்தப்பண்ணுகிறது. ஏற்கெனவே கரு தங்கியிருந்தால் ஒன்றும் செய்யாது. மாசா மாசம் பாவிக்கிற மருந்தும் அல்ல. எச்.ஐ.வி. பயம் இருந்தால் அதே 72 மணித்தியாலத்துக்குள் பாலியல் நோய்க் கிளினிக்குக்கு ஓட வேண்டும், 28 நாள் எடுக்கிற தடுப்பு மருந்து இருக்கிறது. பின்னேரம் நடந்தால் மறுநாள் காலை போங்கள். அடுத்த கிழமை என்று வைக்க வேண்டாம்.

*

கேள்வி: என் மகனுக்கு 19 வயது, ஏ.எல். இரண்டாம் தரம் எடுக்கிறான். அவனுடைய கிரிக்கட் பேக்கைத் தோய்க்க எடுத்தபோது உள்ளே ஆணுறைப் பக்கெட். கை கால் நடுங்கிவிட்டது. அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் பெல்ட்டை எடுப்பார்.
– ஒரு தாய், பம்பலப்பிட்டி

பதில்: அம்மா, சொல்லாமல் விட்டது நல்லது. பெல்ட் அடியில் அவன் பக்கெட்டை எறிவான், மற்றதை விடமாட்டான்.

எனக்கும் ஒரு மகன். அவன் 17 வயதில் இருக்கும்போது, ஊர் முழுக்கச் சொல்லிக் கொடுக்கிற நான் என் பிள்ளைக்குச் சொல்லவில்லை என்பது ஒரு நாள் சோறு பரிமாறும்போது உறைத்தது. அன்று குசினியில் வைத்தே தொடங்கினேன். அவன் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான், ஒரு சொல் பேசவில்லை. ஆனால் எழும்பிப் போகவும் இல்லை. இருபத்தைந்து நிமிசம் ஒரு பிடி சோற்றைச் சாப்பிட்டான்.

உங்கள் மகன் யாரோடும் போகாமல், கூட்டாளிகள் தந்ததை வாங்கி வைத்திருக்கலாம். போகிறவனாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும், அவனுக்குப் பாதுகாப்பு என்று ஒரு எண்ணம் இருக்கிறது. தனியாகக் கூப்பிட்டு, "பேக் தோய்க்க எடுத்தபோது கண்டனான்" என்று நேராகச் சொல்லுங்கள். ஒளித்துப் பார்த்ததாக இருக்கக் கூடாது. பிறகு இரண்டு விசயம் கதையுங்கள். அந்தப் பெண் பிள்ளை முழு மனதோடு சம்மதிக்காத எதுவும் தவறு, 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை சம்மதித்தாலும் அது சட்டப்படி பாரிய குற்றம். இதை ஒரு தாய் சொல்கிற மாதிரி வேறு யாரும் சொல்ல முடியாது. அடுத்தது, படிப்பு, காதல் என்று அவனுடைய நெஞ்சில் இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு இருங்கள். முதல் நாள் ஒன்றும் சொல்ல மாட்டான். என் மகன் இரண்டாம் கிழமைதான் கேள்வி கேட்டான்.

*

கேள்வி: நான் ஆண். ஆண்களைத்தான் விரும்புகிறேன். ஒரு தரமாவது டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று இரண்டு வருசமாக நினைக்கிறேன். உள்ளே போனால் பொலிசுக்குச் சொல்வார்களோ, வீட்டுக்குத் தெரியுமோ என்று பயம். கிளினிக் வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.
– கொழும்பு 6

பதில்: ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து எழுதியது நீங்கள்தான். வாசல்வரை போன உங்கள் கால் இன்னும் பத்து அடி நடந்தால் போதும், தம்பி.

உங்களைப் பயமுறுத்துகிற சட்டம் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் வெள்ளைக்காரர் எழுதி வைத்துப் போனது, 365 ஆம் பிரிவு. அது இன்னும் புத்தகத்தில் இருப்பது எனக்கு வேதனை. ஆனால் கிளினிக்கில் இருக்கிறவர்களின் வேலை வைத்தியம். நீங்கள் யாரோடு இருந்தீர்கள் என்று அவர்கள் கேட்பார்கள், எந்தப் பரிசோதனை எடுப்பது என்று தீர்மானிக்க. உண்மையைச் சொல்லுங்கள். தொண்டையிலும் பின்பக்கத்திலும் வருகிற தொற்று சிறுநீர்ப் பரிசோதனையில் காட்டாது, சொன்னால்தான் அங்கே பார்ப்பார்கள்.

உங்களுக்கு ஆணுறையோடு தண்ணீர் லூப்ரிகன்ட் கட்டாயம், ஏனென்றால் அந்த இடத்தில் இயல்பான ஈரம் இல்லை, உலர்ந்தால் கிழியும். எச்.ஐ.வி. வராமல் முன்கூட்டியே எடுக்கிற 'பிரெப்' மாத்திரையைப் பற்றியும் அங்கேயே கேளுங்கள். டெஸ்ட் பொசிட்டிவ் என்று வந்தாலும் பயப்பட வேண்டாம். நாளாந்தம் மருந்தெடுத்து, இரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே நின்றுவிட்டால், உடலுறவால் மற்றவருக்குத் தொற்றாது. 1987 இல் முதல் இலங்கையருக்கு எச்.ஐ.வி. கண்டுபிடித்தபோது எங்களிடம் கொடுக்க ஒரு மாத்திரைகூட இருக்கவில்லை. இன்றைக்கு அப்படி இல்லை. தனியாகப் போகக் கஷ்டம் என்றால் இந்தப் பத்திரிகை முகவரிக்கு ஒரு நம்பர் அனுப்புங்கள், நான் வாசலில் நிற்கிறேன்.

*

கேள்வி: 34 வருடம் ஆசிரியராக இருந்தவன். குடும்பப் பத்திரிகையில் இதையெல்லாம் எழுதினால் பிள்ளைகள் கெட்டுப்போக மாட்டார்களா? பண்பாடு என்று ஒன்று வேண்டாமா?
– வெள்ளவத்தை

பதில்: ஐயா, உங்கள் கோபத்தில் பிள்ளைகள் மேல் உள்ள அக்கறை தெரிகிறது. அதனால் நேராகவே எழுதுகிறேன்.

எங்கள் பகுதியில் 16 வயதுப் பிள்ளை ஒன்றை ஐந்து மாதத்தில் என்னிடம் கொண்டுவந்தார்கள். வயிறு வீங்கியதற்குப் பூச்சி மருந்து கொடுத்திருக்கிறார்கள். ஓ.எல். விஞ்ஞானத்தில் ஏ எடுத்த பிள்ளை. "இனப்பெருக்கப் பாடம் படிக்கவில்லையா?" என்று கேட்டேன். "அதை வீட்டில வாசிச்சிட்டு வாங்கோ எண்டு டீச்சர் சொன்னவா மிஸ்ஸி" என்றாள். எந்தப் பள்ளிக்கூடம் என்று எழுத மாட்டேன், பல பள்ளிக்கூடங்களில் அந்தப் பக்கங்கள் அப்படித்தான் புரட்டப்படுகின்றன. அந்தப் பிள்ளையை எந்தப் பத்திரிகையும் கெடுக்கவில்லை, ஐயா. அவளுக்கு ஒன்றுமே தெரியாது. தெரிந்த ஒருவன் அவளைப் பாவித்தான்.

சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் முந்திக்கொண்டு போவார்கள் என்ற பயத்தை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். யுனெஸ்கோ 2018 இல் வெளியிட்ட வழிகாட்டியில் அந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறது: பாலியல் கல்வியால் பிள்ளைகள் உடலுறவை முந்தித் தொடங்குவதில்லை. 2017 இல் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான எச்.பி.வி. தடுப்பூசி தொடங்கியபோதும் இதே பயம் வந்தது. நான் வீடு வீடாகப் போய்த் தாய்மாரோடு கதைத்தேன். பெரும்பாலானவர்கள் பிள்ளைகளுக்கு ஊசி போட விட்டார்கள்.

2019 டிசம்பரில், நான் ஓய்வு பெற்ற அதே வருசம், தாயிடம் இருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் போவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. கர்ப்பிணித் தாய்மார் ஒவ்வொருவரிடமும் இந்தச் சொற்களை வாய் திறந்து சொல்லி, இரத்தம் எடுத்து, முடிவைச் சொல்லித்தான் அது நடந்தது. உங்கள் வகுப்பில் இருந்த பெண் பிள்ளைகளும் அந்தத் தாய்மாரில் இருந்திருப்பார்கள். நேரம் இருந்தால் வீட்டுக்கு வாருங்கள், ஐயா, தேத்தண்ணி குடித்துக்கொண்டு இன்னும் கதைப்போம். ஒரு ஆசிரியர் இதைச் சொல்லத் தொடங்கினால் நான் எழுதுவதைவிட நூறு மடங்கு போய்ச் சேரும்.

*

கேள்வி: இரண்டு அறை ஃபிளட். மாமி, மாமா, கொழுந்தன் எல்லாரும் ஒரே வீட்டில். பாவித்த பிறகு எங்கே போடுவது என்பதே பெரிய பிரச்சினை. கொமட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறோம். சரியா?
– புது மருமகள், வெள்ளவத்தை

பதில்: வேண்டாம், மகள். அது கரையாது, குழாயில் அடைக்கும். ஃபிளட்டில் அடைத்தால் கீழ்மாடி வரை பிளம்பர் வந்து தோண்டுவார், அப்போது எல்லாருக்கும் தெரியவரும்.

வாயை முடிந்து, பழைய பேப்பரில் நன்றாகச் சுற்றுங்கள். பேப்பர் சுற்ற வேண்டியது இங்கேதான். நப்கின் போடுகிற மூடியுள்ள சின்ன வாளி ஒன்றை உங்கள் அறையிலோ பாத்ரூமிலோ வையுங்கள். மருமகளின் வாளியை மாமி கிளற மாட்டா. மாநகரசபை லொறிக்குக் கொடுக்கும்போது, சமையல் கழிவுப் பையில் போடாமல் உக்காத குப்பைப் பையில் போடுங்கள், பிரித்தெடுக்கிற தொழிலாளியின் கையில் படாமல் இறுக்கிக் கட்டி.